நடுமண்டபத்துத் தீ

நம் இல்லங்களில் விறாந்தையைக் கடந்து உட்புகுந்ததும் அமைந்த அறையை ‘ஹோல்’ என வழங்குகின்றோம். ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சிறு சொல் ஒரு காலத்தில் எத்துணைப் பெரும்பொருளைத் தாங்கி நின்றது என்பதை, சென்ற ஆண்டு இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள பென்ஸ்ஹேர்ஸ்ற் மாளிகையைக் கண்டபோதே யான் உணர்ந்தேன். இலண்டனில் வாழும் என் தமக்கை மகன் என்னை ஆங்கு அழைத்துச் சென்றான்.

இலண்டன் மேயர் பதவியை நான்கு முறை வகித்த துணி வணிகர் சேர் ஜோன் டி புல்ரினி என்பார், 1341ஆம் ஆண்டில் அரண் அமைக்க அரசாணை பெற்றார். அவர் எழுப்பிய பெருமண்டபமே இம்மாளிகையின் உயிர்நிலை. பிற பகுதிகள் பல பின்வந்தோர் சேர்த்தவை. ஏறக்குறைய 60 அடி உயரத்தில் செஸ்ற்நட் மரக்கூரை நிமிர்ந்து நிற்கின்றது. தரையின் நடுவே எண்கோண வடிவில் ஒரு கணப்பு. சுவரோடு ஒட்டிய புகைபோக்கி இல்லை. புகை தானே மேலெழுந்து கூரை வழியே வெளியேறும்.

ஒரு கோடியில் சற்றே உயர்ந்த மேடை; அது தலைவன் குடும்பத்தார் உண்ணும் இடம். கீழே நீண்ட பலகைகளில் ஏவலரும் வழிப்போக்கரும் அமர்வர். மறுகோடியில் மரத்தடுப்பு, அதற்கப்பால் அடுக்களைக்குச் செல்லும் வழி. இருக்கை வேறாயினும் கூரை ஒன்று, தீயும் ஒன்று.

ஆயினும் பிரிவின் வித்து அக்கட்டடத்திலேயே இருந்தது. மேடைப்புறத்திலிருந்து ஒரு கற்படிக்கட்டு மேலுள்ள தனியறைக்கு ஏறுகின்றது. செல்வர் மெல்ல மெல்ல அப்படியேறி, தமக்கெனத் தனிக் கணப்பும் தனிப் பந்தியும் அமைத்துக்கொண்டனர். பெருமண்டபத்தைக் கைவிட்டுத் தனியறையில் உண்ணும் செல்வரை, அந்த 14ஆம் நூற்றாண்டிலேயே லாங்லண்ட் என்னும் புலவர் தம் ‘உழவன் பியேர்ஸ்’ காவியத்தில் கடிந்துரைத்தார். மண்டபம் வறிதாகவே சொல்லும் சுருங்கிற்று. ஆங்கிலேயர் இல்லங்களில் இன்று ‘ஹோல்’ என்பது பெரும்பாலும் வாயிலை அடுத்த சிறு நடையே.

1552இல் ஆறாம் எட்வேட் மன்னர் இம்மாளிகையைச் சிட்னி குடும்பத்தாருக்கு ஈந்தார். கவிஞர் பிலிப் சிட்னி 1554இல் ஈண்டே பிறந்தார். 1616இல் வெளிவந்த பாடலொன்றில் பென் ஜோன்சன் இவ்வில்லத்தைப் போற்றினார். பளிங்கும் பொன்னும் அதன் பெருமையல்ல. தலைவன் உண்ட அதே உணவை விருந்தினனும் உண்டான் என்பதே அவர் கண்ட பெருமை.

யான் அண்ணாந்து நோக்கினேன். கூரையைத் தாங்குவனபோல் உழைப்பாளர் உருவில் மரப்பாவைகள் செதுக்கப்பட்டிருந்தன. பாரம் சுமந்தவருக்குக் கூரையடியில் இடமுண்டு, மேடையிலோ இல்லை. மேடை எழுப்பும் மனம் நமக்கும் புதிதன்றே!

அன்று மாலை மருமகன் வீடு மீண்டோம். ஒவ்வொருவரும் தத்தம் தட்டை ஏந்தித் தத்தம் அறை புகுந்தனர். ஹோலில் யான் தனியே உண்டேன். குறைகூற நாவெழவில்லை. என் இல்லத்திலும் நிகழ்வது அதுவன்றோ?

ஊர் திரும்பியபின் இரவுணவுக்கு ஹோலில் பாய் விரிக்கின்றோம். எம் வீட்டில் வேலைக்கு வரும் மூதாட்டி முதல்நாள் குசினி வாயிலிலேயே தயங்கி நின்றார். “இஞ்சை வந்து இருங்கோ ஆச்சி” என்று என் மனைவி இருமுறை அழைத்த பின்னரே வந்தமர்ந்தார். மூன்றாம் நாள் அழைக்க வேண்டியிருக்கவில்லை.