ஆயில் பார்த்தீர்களா?

மும்பையில் நம்மவர்கள் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் அடிக்கடி கண்ணில் பட்ட வண்டி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னர் ஆம்னியாகி, 2019-இல் உற்பத்தி நின்றது. 2010-இல் வந்த ஈக்கோ அதன் தம்பி. மாட்டுங்கா மார்க்கெட்டுக்கும் செம்பூர்ப் பள்ளிக்கும் டோம்பிவிலி கல்யாண வீட்டுக்கும் சளைக்காமல் ஓடும் இந்த வேன்களைப் பழையதாக வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. அடியேனும் ஒருவன்.

2014-இல் எட்டு வயதான ஆம்னி ஒன்றை வாங்கினேன். "சர்வீஸ் எல்லாம் முடித்துவிட்டேன் சார், சாமி படத்தை மாட்டி ஓட்ட வேண்டியதுதான்" என்றார் விற்றவர். படத்தை மாட்டினேன். ஆயிலைப் பார்க்கவில்லை.

இரண்டாம் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு திரியம்பகேஸ்வரம் புறப்பட்டோம். கசாரா மலைப்பாதையில் ஏறும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது; சமதளம் வந்ததும் அணைந்தது. "ஒயரிங் கோளாறு" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பாதி ஏற்றத்தில் 'டக் டக்' என்று சத்தம், பிறகு நிசப்தம். நான்கு மணி நேரம் சாலையோரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார் அம்மா. அப்போது அவருக்கு வயது 76.

வண்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒன்றுதான் கேட்டார்: "சாஹேப், ஆயில் குச்சியைக் கடைசியாக எப்போது இழுத்துப் பார்த்தீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. ஒரு லிட்டர் கூட உள்ளே இல்லையாம். ஆயில் குறைந்திருந்தால் ஏற்றத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். விளக்கு சொன்னது அதைத்தான். பேரிங் தேய்ந்து கிராங்க் ஷாஃப்ட் கீறிவிட்டது. செலவு ரூ. 28,000. பணத்தைச் சம்பாதித்துவிடலாம். அம்மாவுக்கு அதன் பிறகு வெளியூர்ப் பயணம் வாய்க்கவில்லை.

அன்று கற்றதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

இஞ்சின் ஆயில்

வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆம்னியில் முன் இருக்கையைத் தூக்கினால் இஞ்சின். குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

நிறம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலை. ஆனால் பால் விட்ட காபி போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் நம்முடையது. வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். வாங்குமுன் குச்சியை இழுத்துப் பாருங்கள். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயிலை எரிக்கிறது.

பழைய வண்டியை வாங்கியதும், முன்னவர் என்ன சொன்னாலும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கட்டும். நகர நெரிசலில் நின்று நின்று ஓடும் பழைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. எந்த கிரேடு என்பதைக் கையேடு சொல்லும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள்.

மறந்துபோகும் கியர் ஆயில்

இஞ்சின் ஆயிலையாவது நினைக்கிறோம். கியர் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. இந்த வேன்களில் அதற்குக் குச்சி கிடையாது. பக்கவாட்டில் உள்ள திருகைக் கழற்றினால், துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் பின் அச்சில் டிஃபரன்ஷியலுக்கும் தனி ஆயில் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆயில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ஆயிலின் சில வகைகள் கியர் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கக் கூடியவை. அங்கே கையேடு சொல்லும் வகையே வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஊற்றும் திருகு கழன்று வருகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் திருகைக் கழற்றுங்கள். மேலே உள்ளது துருப்பிடித்து மாட்டிக்கொண்டால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது.

காலையில் கியர் விழ அடம் பிடித்தாலோ, ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்டாலோ, நிறுத்திய இடத்தில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தானியங்கி கியர் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் திரவம் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் உடனே காட்டுங்கள்.

இரண்டு கடமைகள்

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவு எண்ணெயை முறையாகச் சேகரிக்கும் பணிமனையில் கொடுங்கள். காலி டப்பாவில் துளையிட்ட பிறகே வெளியே போடுங்கள். இல்லையேல் அதே டப்பா போலி ஆயிலோடு கடைக்குத் திரும்பும்.

இப்போது ஞாயிறு காலையில் காபி குடித்ததும் ஒரு பழந்துணியோடு கீழே இறங்குகிறேன். ஐந்து நிமிட வேலை. சாமி படம் இருக்கட்டும். அதற்குக் கும்பிடு போடுமுன் குச்சியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.