கணவரின் ரகசியமும் ஊரின் கணக்கும்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

2004 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்கள் இருவரும் தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். நடுவர் குவென் ஐஃபில், கறுப்பினப் பத்திரிகையாளர். 25 முதல் 44 வயதுக்குட்பட்ட கறுப்பினப் பெண்கள் எய்ட்ஸால் சாகும் வாய்ப்பு, அதே வயதுப் பிற பெண்களைவிட 13 மடங்கு அதிகமாக இருந்தது. இதற்கு அரசு என்ன செய்யப்போகிறது என்று கேட்டார். ஆப்பிரிக்காவை விடுங்கள், இந்த நாட்டில் நடப்பதைச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே அணையும் போட்டார். அந்த எண்ணிக்கையைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் டிக் செய்னி. ஜான் எட்வர்ட்ஸ் நேராக ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார்.

தலைவர்களிடம் பதில் இல்லாத அந்த வருடத்தில் ஊடகங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ‘டௌன் லோ’ என்றார்கள். மனைவிக்குத் தெரியாமல் ஆண்களோடும் உறவு வைத்திருக்கும் கறுப்பின ஆணுக்கு ஒட்டப்பட்ட பெயர் அது. ஜே.எல். கிங் என்பவர் தன் கதையையே புத்தகமாக எழுதி, ஓப்ரா வின்ஃபிரேயின் நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு புருஷனின் கைப்பேசியைத் துழாவாத வீடு குறைவுதான் என்கிற மாதிரி ஆயிற்று.

அந்தப் பேச்சில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்களோடு உறவுகொள்ளும் கறுப்பின ஆண்களிடையே எச்.ஐ.வி. மிக அதிகம். 2016-ல் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. போட்ட கணக்குப்படி, அன்றைய நிலை அப்படியே தொடர்ந்தால் அவர்களில் இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் தொற்று வரும். அப்படிப்பட்ட ஒருவர், தனக்குத் தொற்று இருப்பது தெரியாமல் ஒரு பெண்ணோடும் ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்தால் அவளுக்கும் ஆபத்துதான்.

ஆனால் எத்தனை பேர்? 2005-ல் கிரெகரி மில்லெட்டும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கறுப்பின ஆண்களில் இருபாலரோடும் உறவு வைத்திருப்போர் சுமார் 2 சதவீதம். பெண்களோடு மட்டுமே பழகும் ஆண்களாலும் தொற்று பரவுகிறதே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று அவர்கள் எழுதினார்கள். ஓப்ரா நிகழ்ச்சிக்கு ஏற்ற சரக்கு அதில் இல்லை.

சி.டி.சி.யின் அதே கணக்கில் கறுப்பினப் பெண்களில் 48 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் தொற்று. வெள்ளையினப் பெண்களில் 880 பேரில் ஒருவருக்கு. இந்த இடைவெளியைப் பார்த்ததும் ‘அவர்கள் நடத்தை அப்படி’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். மழைநாளில் இரண்டு பெண்கள் ஒரே மாதிரிச் செருப்பு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு தெருவில் நடக்கிறார்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் போனவளின் கால்தான் நனையும். அதற்கு அவள் நடையைக் குறை சொல்வீர்களா?

அந்தத் தெருவில் தண்ணீர் ஏன் தேங்கியது, அதாவது அந்தச் சமூகத்தில் தொற்று ஏன் அதிகம் என்பதைத்தான் அடவோரா அடிமோரா என்ற மருத்துவர் வட கரோலினாவில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கறுப்பின ஆண்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போகிறார்கள். இளம் வயதிலேயே சாகிறவர்களும் அதிகம். ஊரில் ஆண்கள் குறைந்தால், மிஞ்சியிருப்பவனிடம் ‘ஆணுறை போடு, இல்லையென்றால் கிளம்பு’ என்று சொல்லும் துணிவு பெண்ணுக்குக் குறைகிறது. சிறைக்குப் போனவன் திரும்பி வருவதற்குள் இருவருக்குமே வேறு துணை அமைந்திருக்கலாம். பழைய உறவும் முழுசாக அறுவதில்லை. இப்படி ஒரே காலத்தில் இரண்டு உறவுகள் ஓடுவதுதான் வைரஸுக்கு வசதி. தொற்று வந்த முதல் சில வாரங்களில் இரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாம். ஒரு உறவு முடிந்து நாளாகி அடுத்தது தொடங்கினால் அந்த உச்சம் இடைவெளியில் கழிந்துவிடும். இரண்டும் சேர்ந்தே நடந்தால் அப்படியே கைமாறும். இதில் அவன் இன்னொரு ஆணோடு இருந்தானா, பெண்ணோடு இருந்தானா என்பது வைரஸுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வில்லனைத் தேடும் வேலையால் இரண்டு பக்கமும் சேதம். இருபால் ஈர்ப்புள்ளவன் அவமானத்துக்குப் பயந்து பரிசோதனைப் பக்கமே போகமாட்டான். ‘என் ஆள் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று நம்புகிற பெண்ணும் போகமாட்டாள். உண்மையில், தொற்று இருப்பது தெரிந்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கும் ஆணிடமிருந்து உடலுறவால் தொற்று வராது. அவன் யாரை விரும்பினாலும் சரி. பரிசோதனையே செய்துகொள்ளாத ‘நல்ல பையன்’ அவனைவிட ஆபத்தானவன்.

சரி, பெண் கையில் என்ன இருக்கிறது? தொற்று வராமல் முன்கூட்டியே போடும் மாத்திரை, பிரெப், 2012-ல் வந்தது. 2019-ல் டெஸ்கோவி என்ற இரண்டாவது மாத்திரைக்கு அனுமதி கொடுத்தபோது, பெண்ணுறுப்பு வழியான உறவால் ஆபத்துள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். காரணம், பெண்களிடம் சோதித்துப் பார்க்கவே இல்லை! எனக்கு இன்றும் எரிச்சல் தரும் விஷயம் இது. 2024-ல்தான் அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், தொற்றைத் தடுக்கும் லெனாகபவிர் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. கணவனின் ரகசியம் என்னவென்று அறியாமலே, அவனிடம் கேட்காமலே ஒரு பெண் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதி கிடைத்தது; அப்போதைய பட்டியல் விலை வருடத்துக்கு 28,218 டாலர். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் தென் மாநிலங்கள் பலவற்றில், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க அரசுகள் இன்னும் சம்மதிக்கவில்லை.