பல்கையொப்ப முகவரி

பல்கையொப்ப முகவரி என்பது ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளின் கையொப்பம் இருந்தால் மட்டுமே பணம் செலவழிக்கக்கூடிய கிரிப்டோ நாணய முகவரியாகும். மல்டிசிக் என்றும் இது அழைக்கப்படுகிறது. மொத்தம் எத்தனை சாவிகள், அவற்றில் எத்தனை கையொப்பமிட வேண்டும் என்பதைக் கொண்டு "மூன்றில் இரண்டு", "ஐந்தில் மூன்று" என்று குறிப்பிடுவர்.

சாதாரண பிட்காயின் முகவரியை ஒரே ஒரு தனிச்சாவி கட்டுப்படுத்துகிறது. அது தொலைந்தால் பணம் முடங்கிவிடும். திருடுபோனால் பணமும் போய்விடும். இந்த இரண்டு ஆபத்துகளையும் குறைப்பதே பல்கையொப்பத்தின் நோக்கம்.

வங்கிக் கூட்டுக் கணக்குடன் ஒப்பீடு

தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இம்முறையை வங்கிக் கணக்குகளில் நெடுங்காலமாகப் பின்பற்றுகின்றன. குழுவின் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பொறுப்பாளர்களில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. ஆனால் பொறுப்பாளர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, குழு தீர்மானம் நிறைவேற்றி வங்கியில் கொடுத்து, கையெழுத்திடுபவரை மாற்றிக்கொள்ளலாம். பிட்காயினில் அப்படி முறையிட மேலாளர் எவரும் இல்லை. முகவரியை உருவாக்கும்போது எழுதப்பட்ட விதியே இறுதியானது.

தோற்றம்

பல்கையொப்ப விதிகளைச் சுருக்கமான முகவரியாக மாற்றும் முறையை கேவின் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தார். இது 2012 ஏப்ரலில் பிட்காயினில் நடைமுறைக்கு வந்தது. இவ்வகை முகவரிகள் 3 என்ற எண்ணில் தொடங்கும். 2017இல் வந்த செக்விட் மேம்பாட்டுக்குப் பிறகு, பிசி1 எனத் தொடங்கும் 62 எழுத்து முகவரிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

முகவரியை அமைத்தல்

எடுத்துக்காட்டாக, தொண்டாமுத்தூரில் வசிக்கும் அக்கா, கோயம்புத்தூர் நகரில் உள்ள தம்பி, சிங்கப்பூரில் உள்ள தங்கை ஆகிய மூவரும் "மூன்றில் இரண்டு" முகவரி ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம்.

1. மூவரும் தத்தம் கருவியில் தனித்தனியே சாவிகளை உருவாக்குகின்றனர். தனிச்சாவியை உடன்பிறந்தவருக்கும் காட்டுவதில்லை.
2. தனிச்சாவியிலிருந்து பெறப்படும் பொதுச்சாவியை மட்டும் மற்ற இருவருக்கும் அனுப்புகின்றனர்.
3. மூன்று பொதுச்சாவிகளையும் "இரண்டு கையொப்பம் தேவை" என்ற விதியையும் சேர்த்து வாலட் மென்பொருள் ஒரு சிறு நிரலை எழுதுகிறது. இது மீட்பு நிரல் எனப்படும். இதன் சுருக்கக் குறியீடே முகவரியாகிறது.
4. மூவரும் தத்தம் கருவியில் இதே முகவரி வருகிறதா என்று சரிபார்க்கின்றனர். சாவிகளின் வரிசை மாறினால் முகவரியும் மாறிவிடும். இதைத் தவிர்க்கப் பல வாலட்கள் சாவிகளைத் தாமாகவே வரிசைப்படுத்திக்கொள்கின்றன.
5. பெருந்தொகையைப் போடுமுன், சிறு தொகையை அனுப்பி, அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கின்றனர்.

செலவழித்தல்

யாருக்கு எவ்வளவு அனுப்புவது என்று அக்கா ஒரு பரிவர்த்தனையைத் தயாரித்து, தம் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறார். இது இன்னும் முழுமையடையவில்லை. பாதி கையொப்பமிட்ட பரிவர்த்தனையைக் கோப்பாகப் பரிமாறிக்கொள்வதற்கான பொது வடிவம் 2017இல் முன்மொழியப்பட்டது. அந்தக் கோப்பைத் தம்பி பெற்று, முகவரியையும் தொகையையும் சரிபார்த்து, இரண்டாவது கையொப்பத்தை இடுகிறார். அதன் பிறகே பரிவர்த்தனை பிட்காயின் வலையமைப்புக்கு அனுப்பப்படுகிறது. வழக்கமான கையொப்ப முறையில், முதல் கையொப்பத்துக்குப் பின் யாராவது தொகையையோ பெறுநரையோ மாற்றினால் அக்கையொப்பம் செல்லாததாகிவிடும்.

ஒரு சாவி தொலைந்தால்

தம்பியின் சாவி தொலைந்தாலும் அக்காவும் தங்கையும் பணத்தை எடுக்கலாம். ஆனால் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: செலவழிக்கும்போது மீட்பு நிரலை முழுமையாகக் காட்ட வேண்டும், அதில் தம்பியின் பொதுச்சாவியும் அடங்கும். முகவரியில் இருப்பது சுருக்கக் குறியீடு மட்டுமே என்பதால் அதிலிருந்து நிரலைத் திரும்பப் பெற இயலாது. இரண்டு தனிச்சாவிகள் கையில் இருந்தும், மூன்றாவது பொதுச்சாவி எங்கும் பதியப்படாவிட்டால் பணம் முடங்கிவிடும். எனவே மூன்று பொதுச்சாவிகளின் பட்டியலையும் விதியையும் மூவரும் தனித்தனியே சேமித்து வைக்க வேண்டும். ஒரு சாவி தொலைந்தது தெரிந்தவுடன் புதிய முகவரி அமைத்துப் பணத்தை அதற்கு மாற்றிவிடுவது நல்லது.

வசீர்எக்ஸ் நிகழ்வு

எத்தீரியத்தில் பல்கையொப்பம் பெரும்பாலும் ஒப்பந்த நிரல்கள் மூலம் இயங்குகிறது. இந்தியாவின் வசீர்எக்ஸ் பரிமாற்றகம் இத்தகைய வாலட் ஒன்றைப் பயன்படுத்தியது. அதில் ஆறு கையொப்பதாரர்கள் இருந்தனர்: வசீர்எக்ஸ் தரப்பில் ஐவர், பாதுகாப்புச் சேவை அளித்த லிமினல் நிறுவனத்தின் தரப்பில் ஒருவர். ஐவரில் மூவர் கையொப்பமிட்ட பின் லிமினலின் ஒப்புதலும் தேவை.

இருந்தும் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் அந்த வாலட்டிலிருந்து திருடப்பட்டன. திரையில் காட்டப்பட்ட பரிவர்த்தனையும் உண்மையில் கையொப்பமிடப்பட்டதும் வேறு வேறு என்று வசீர்எக்ஸ் தெரிவித்தது. கையொப்பமிடப்பட்ட பரிவர்த்தனை வாலட்டின் கட்டுப்பாட்டையே திருடர்களிடம் மாற்றிவிட்டதால், அதன் பிறகு அவர்களுக்கு வேறு கையொப்பம் தேவைப்படவில்லை. தவறு எந்தப் பக்கம் என்பதில் இரு நிறுவனங்களும் மாறுபட்டன. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகத்தில் நடந்த சுமார் 150 கோடி டாலர் திருட்டிலும் கையொப்பதாரர்கள் திரையால் ஏமாற்றப்பட்டனர்.

வசீர்எக்ஸ் வாடிக்கையாளர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்றும், அதைப் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் கூறியது. வழக்குத் தொடர்ந்தவரிடம் இருந்தது எக்ஸ்ஆர்பி நாணயம். அது திருடப்பட்ட எத்தீரிய வகை டோக்கன்களில் சேராதது.

பாதுகாப்பின் எல்லை

மேற்கண்ட இரு திருட்டுகளிலும் தேவையான எண்ணிக்கையில் கையொப்பங்கள் இருந்தன. தனித்தனிச் சரிபார்ப்புதான் இல்லை. எல்லோரும் ஒரே திரையை நம்பிக் கையொப்பமிட்டால் பல கையொப்பங்களும் ஒரு கையொப்பத்துக்கே சமம். பெறுநர் முகவரியையும் தொகையையும் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கருவியின் திரையில் படித்து, மற்றவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்த பிறகு கையொப்பமிடும்போதுதான் இம்முறை முழுப் பயனைத் தருகிறது.