பாட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன டெலிபோன் ஆபரேட்டர்

வானொலி நிலையம் ஒன்றின் வாசலில் அமர்ந்து, வருகிற டெலிபோன்களுக்கு இணைப்புக் கொடுத்துக் கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. மூன்று குழந்தைகளின் தாய். சில ஆண்டுகளில், எந்தப் பாட்டு ஓடும், எது ஓடாது என்று சொல்லும் இடத்துக்கு அவர் உயர்ந்தார். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அவருடைய அறை வாசலில் காத்துக் கிடந்தார்கள்!

அவர் பெயர் ரோசலி டிராம்ப்ளி. நிலையம், கனடாவின் விண்ட்சர் நகரிலிருந்த சி.கே.எல்.டபிள்யூ.

ஆற்றுக்கு அக்கரை

விண்ட்சர் சிறிய நகரம்தான். ஆனால் ஆற்றைத் தாண்டினால் அமெரிக்காவின் டெட்ராய்ட். மோட்டார் தொழிற்சாலைகளும் லட்சக்கணக்கான தொழிலாளர்களும் நிறைந்த ஊர். மத்திய அலையில், 800 கிலோ ஹெர்ட்சில், 50,000 வாட் சக்தியுடன் ஒலித்தது இந்த நிலையம். இரவில் ரேடியோ முள்ளைத் திருப்பும்போது தொலைதூர நிலையங்கள் வந்து விழுவது நமக்கும் தெரிந்ததுதானே? அப்படியே இதுவும் இரவில் பல அமெரிக்க மாநிலங்களில் கேட்டது.

1967-ல் நிலையம் புதுப் பாணிக்கு மாறியது. அறிவிப்பாளரின் பேச்சு குறைந்தது, பாட்டு பெருகியது. அதே ஆண்டு ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் மாண்டனர். பிளவுபட்டுக் கிடந்த அந்த ஊருக்கு, கறுப்பர் பாட்டையும் வெள்ளையர் பாட்டையும் பிரிக்காமல் அடுத்தடுத்து வழங்கியது இந்த நிலையம்.

நேயர் சொன்ன பாட்டு

1968-ல் ரோசலி இசைப் பொறுப்பாளர் ஆனார். கடைகளில் எந்தத் தட்டு விற்கிறது, நேயர்கள் டெலிபோனில் எதைக் கேட்கிறார்கள் என்று கவனித்தே அவர் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். எல்டன் ஜானின் 'பென்னி அண்ட் தி ஜெட்ஸ்' பாட்டுக்கு டெட்ராய்ட் கறுப்பின நேயர்களிடம் பெரும் வரவேற்பு இருப்பதைக் கண்டுகொண்டார். அதைத் தனித் தட்டாக வெளியிட எல்டன் ஜானுக்கே விருப்பமில்லை. கடைசியில் வெளியிட்டார். 1974 ஏப்ரலில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது!

1971 முதல், பாட்டுகளில் 30 சதவீதம் கனடா நாட்டுடையதாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் விதி வந்தது. எல்லைக்கு அப்பால் போட்டி நிலையங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரோசலி சளைக்கவில்லை, நல்ல கனடியப் பாட்டுகளைத் தேடி எடுத்து, அமெரிக்கரையும் ரசிக்க வைத்தார்.

ஆனால் எப்.எம். ஒலியின் தெளிவோடு மத்திய அலை போட்டியிட முடியவில்லை. நேயர்கள் அங்கே நகர்ந்தார்கள். 1984-ல் ரோசலி விலகினார். அடுத்த ஆண்டு நிலையம் பழைய காலத்து வாத்தியக்குழு இசைக்கு மாறியது. ராக் பாட்டின் பொற்காலம் முடிந்தது.

ரோசலி 2021-ல் காலமானார். 2023-ல் விண்ட்சர் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் பாடகி அல்ல; மேடை ஏறியவரும் அல்ல. டெலிபோனில் பேசுகிறவர் என்ன கேட்கிறார் என்று காதுகொடுத்தவர்.