பதில் சொல்லலாம், பணம் கட்டக் கூடாது!

டெலிவிஷனில் அமிதாப்பச்சன் கேள்வி கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் யோசிக்கிறார். அதே நேரத்தில், வேலை முடிந்து அறைக்கு வந்த ஒரு தொழிலாளி, தன் செல்போனில் விடையைத் தட்டிவிடுகிறார்!

"கோன் பனேகா குரோர்பதி" 2000-ம் ஆண்டு ஜூலை 3-ந்தேதி தொடங்கியது. வீட்டில் இருப்பவர்களும் உடனுக்குடன் விளையாடும் வசதி 2017-ல் வந்தது. நிகழ்ச்சியை முன்கூட்டியே படம் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அது ஒளிபரப்பாகும் நேரத்தில்தான் கேள்வி செல்போனுக்கு வரும். சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு.

தபால் கார்டு மழை

முன்பெல்லாம் விடை சொல்ல தபால்காரரைத்தான் நம்ப வேண்டும். 1990-களில் தூர்தர்ஷனின் "சுரபி" நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் குவிந்தன! பிறகு போட்டிகளுக்கென்றே தபால் இலாகா தனி கார்டு வெளியிட்டது.  சாதாரண கார்டைவிட போட்டி கார்டுக்கு விலை அதிகம்.

2004-ல் "இந்தியன் ஐடல்" வந்தது. ரசிகர்கள் எஸ்.எம்.எஸ். மூலம் ஓட்டுப் போட்டார்கள்.

25 லட்சம் ஆசை

இந்த ஆர்வத்தை மோசடிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்கள் நம்பருக்கு 25 லட்சம் ரூபாய் லாட்டரி விழுந்திருக்கிறது" என்று வாட்ஸ்-அப்பில் செய்தி வரும். அமிதாப்பச்சன் படமும் இருக்கும். போன் செய்தால் "மேனேஜர்" ஒருவர் இந்தியில் மளமளவென்று பேசுவார். முதலில் வரி கட்டச் சொல்வார். கட்டினால் பேங்க் கட்டணம் என்பார். அதையும் கட்டினால் இன்னொன்று!

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். பாதி இந்தி புரியாது. பக்கத்தில் உள்ளவரிடம் கேட்கக் கூச்சம். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்விக்குப் பதில் சொல்லாதவருக்குப் பரிசு விழாது. செல்போன் நம்பருக்கு லாட்டரி என்பதே பொய்.

பரிசுக்கு வரி உண்டு என்பது உண்மை. 100 ரூபாய்க்கு 30 ரூபாய்க்கு மேல் போகும். ஆனால் ரொக்கப் பரிசில் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். முன்பணம் கேட்டால் அது மோசடி. ரகசிய எண்ணைக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு.