முட்டைக்குள் 21 நாள்!

"எனக்குக் கோழிக் குஞ்சு வேண்டும்" என்று குழந்தை அழுகிறது.

சந்தையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசிய குஞ்சுகளை விற்கிறார்கள். ஒன்றை வாங்கி வருகிறோம். நாலே நாளில் அது செத்துப் போகிறது. குழந்தை மறுபடியும் அழுகிறது!

சாயக் குஞ்சு எதற்கு? வீட்டிலேயே அடை வைத்துக் குஞ்சு பொரிக்கலாம். அதற்கு 21 நாள் பொறுமை வேண்டும்.

எந்த முட்டை?

கடையில் விற்கும் பண்ணை முட்டையை அடை வைத்தால் குஞ்சு வராது. அந்தப் பண்ணைகளில் சேவல் இல்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டை இடும். ஆனால் அதில் கரு இருக்காது.

ஆகவே, சேவலும் கோழியும் சேர்ந்து மேயும் வீட்டில் முட்டை வாங்குங்கள். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கீறல் இருக்கக் கூடாது. தண்ணீரில் கழுவக் கூடாது. குளிர்ப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. நிழலான இடத்தில் வைத்திருந்தால் போதும்.

தாயின் தவம்

கூட்டை விட்டு எழுந்திருக்காமல், இறகைச் சிலிர்த்துக் கொண்டு, கிட்டே போனால் "கொர்... கொர்..." என்று சீறுகிறதா? அதுதான் அடைக்கோழி.

ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள். பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வையுங்கள். இருட்டிய பிறகு கோழியை அதன் மேல் உட்கார வையுங்கள். இரும்புத் துண்டும் கரித் துண்டும் போட்டு வைப்பது கிராமத்து வழக்கம். ஆனால் குஞ்சை உண்டாக்குவது தாயின் உடல் சூடுதான்.

அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மூக்கினால் முட்டைகளை அடிக்கடி புரட்டி விடுகிறது. புரட்டாவிட்டால், உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக் கொள்ளும். நாளுக்கு ஒரு தடவைதான் இரை தின்ன எழுந்திருக்கும். அதற்குத் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே வையுங்கள்.

இன்னொரு அதிசயம்! முட்டைகள் வெவ்வேறு நாளில் இட்டவை. ஆனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளி வருகின்றன. எப்படி? சூடு கிடைக்கும் வரை கரு தூங்குகிறது. தாய் உட்கார்ந்த பிறகே வளரத் தொடங்குகிறது.

கோழி இல்லாவிட்டால்?

குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. உள்ளே சூடு 100 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருக்க வேண்டும். ஈரம் காயாமல் இருக்க, உள்ளே தண்ணீரும் வேண்டும். தானாகப் புரட்டாத பெட்டி என்றால், 18-வது நாள் வரை தினமும் மூன்று நாலு தடவை நாமே முட்டையைப் புரட்ட வேண்டும். அதன் பிறகு தொடக் கூடாது.

இது புதிய வித்தை அல்ல. எகிப்து நாட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செயற்கைச் சூட்டில் குஞ்சு பொரித்தார்கள். சாண எரு மூட்டிய மண் அடுப்பு அறைகளில் முட்டைகளை அடுக்கினார்கள். வெப்பமானி கிடையாது. அந்தத் தொழிலாளிகள் முட்டையைக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைக் கணக்கிட்டார்கள்!

விளக்குச் சோதனை

ஏழாவது நாள் இரவு, இருட்டறையில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால், உள்ளே உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால், அது கூமுட்டை. எடுத்து விடுங்கள்.

நான் செய்த தவறு

எனக்கு அப்போது எட்டு வயது. பாட்டி 11 முட்டை அடை வைத்தாள். இரண்டு கூமுட்டை. 21-வது நாள் எட்டுக் குஞ்சுகள் வந்து விட்டன. ஒன்று மட்டும் ஓட்டில் சிறு துளை போட்டு விட்டு, உள்ளேயே "கீச்... கீச்..." என்று கத்திக் கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டி இல்லாத நேரம் பார்த்து, ஓட்டை உரித்து விட்டேன். ரத்தம் வந்தது. விடிவதற்குள் குஞ்சு செத்து விட்டது.

பாட்டி என்னை அடிக்கவில்லை. "அது இன்னும் கிளம்பவில்லையடா. நீ கிளப்பி விட்டாய்" என்றாள்.

பாட்டி சொன்னது சரி. துளை போட்ட பிறகும் குஞ்சு வெளியே வர 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில்தான், ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் ரத்தம் குஞ்சின் உடலுக்குள் போகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது. அவசரப்பட்டு உரித்தால் உயிர் போய் விடும்!

வளர்ப்பது எப்படி?

உள்ளே போன மஞ்சள் கருவே முதல் நாள் உணவு. ஆகவே, பிறந்ததும் தீனி தின்னவில்லையே என்று பயப்பட வேண்டாம். பிறகு குருணையும், கடையில் விற்கும் குஞ்சுத் தீனியும் கொடுக்கலாம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கி விடும்.

தாய் இல்லாத குஞ்சுக்கு, அட்டைப் பெட்டிக்கு மேல் சூடு தரும் பல்பு கட்டுங்கள். பல்பு வைக்கோலிலும் அட்டையிலும் படக் கூடாது. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கிக் கொண்டால் குளிர்கிறது என்று அர்த்தம். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

ஒற்றைக் குஞ்சாக வளர்க்காதீர்கள். துணை இல்லாமல் அது கத்திக் கொண்டே இருக்கும். இரண்டு மூன்றாவது வேண்டும்.

கோழிகளைக் கொல்லும் பெரிய வியாதி வெள்ளைக் கழிச்சல். முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். குஞ்சைத் தொட்ட பிறகு குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசிக் கேள்வி

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். சேவல் விடியுமுன் கூவும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பண்டிகை நாளில் வீட்டார் அதை என்ன செய்வார்கள்? இதை அடை வைக்கும் முன்பே பேசி முடித்து விடுங்கள்.

என் எட்டுக் குஞ்சுகளில் ஒன்றுக்கு "ராஜா" என்று பெயர் வைத்திருந்தேன். அது பெரிய சேவலாகி விட்டது. ஒரு நாள் மாமா விருந்துக்கு வந்தார். அப்பா ராஜாவைப் பிடித்து விட்டார். நான் வாசலில் நின்று அழுதேன்.

பாட்டி எழுந்து வந்து, சேவலை அப்பா கையிலிருந்து வாங்கிக் கொண்டாள்.

"வேறு ஏதாவது சமைக்கலாம். இது பெயர் வைத்த சேவல்" என்றாள்.

அன்று விருந்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு!