கொடைக்கானலில் ஒரு பகல்

கொடைக்கானலை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் மூடுபனியின் போக்கைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. திண்டுக்கல் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளை பிரிந்து நீளும் பழனி மலையின் மேல்தளத்தில், சுமார் 7,000 அடி உயரத்தில் இந்த ஊர் இருக்கிறது. ஊரின் தென்விளிம்பு செங்குத்தாகச் சரிந்து பெரியகுளம் பக்கத்துச் சமவெளியில் போய் இறங்குகிறது. பெயர்பெற்ற காட்சிமுனைகள் பலவும் இந்த விளிம்பில்தான் உள்ளன. காலையில் பள்ளத்தாக்கு தெளிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே கிளம்பும். உயரத்துக்கு வந்ததும் குளிர்ந்து வெண்புகையாகத் திரளும். பல நாட்களில் நண்பகலுக்குள்ளாகவே விளிம்பு முழுவதும் மூடிப்போய்விடும். எனவே பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்களுக்குக் காலை, ஊருக்குள் இருக்கும் ஏரிக்கும் பூங்காவுக்கும் பிற்பகல் என்று பிரித்துக்கொண்டால் ஒரு நாள் வீணாகாது.

நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகை வடக்கில் இருக்கும் ஊர் இவ்வளவு குளிர்வதற்குக் காரணம் உயரம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு முதல் ஏழு டிகிரி செல்சியஸ் குறையும். வத்தலக்குண்டில் வியர்த்துக் கொட்டிய பயணி இரண்டு மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான். கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் இருபது டிகிரியைச் சுற்றியே இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படியும்.

ஊர் உருவான கதை

பழனி மலையின் மேல்தளத்தில் மக்கள் மிகப் பழங்காலம் தொட்டே வாழ்ந்திருக்கிறார்கள். தாண்டிக்குடி, பெருமாள்மலை பகுதிகளில் காணப்படும் கற்திட்டைகள் அதற்குச் சான்று. பளியர், புலையர் ஆகிய பழங்குடியினரும், சமவெளியிலிருந்து ஏறி வந்து வேளாண்மை செய்த மக்களும் இம்மலையின் பழைய குடிகள். 1821-இல் ஆங்கிலேய அதிகாரி வார்டு இந்த மலையை அளந்து வரைபடம் தயாரித்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தினரைப் பறிகொடுத்து வந்தனர். நோயிலிருந்து தப்ப அவர்கள் 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மலைவாசத்தலமாகக் கொடைக்கானலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அன்றைக்கு மலையேறுவது லேசான காரியமில்லை. அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில், ரயிலை விட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வர வேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோ மேலே போக வேண்டும். வத்தலக்குண்டு வழியாக இன்று பேருந்துகள் ஏறும் மலைப்பாதைக்கு மேஜர் லா 1870-களில் தடம் வகுத்தார். அதனால் அது 'லாஸ் காட்' சாலை எனப்படுகிறது. வேலை இழுத்துக்கொண்டே போய், முதல் உலகப் போர்க் காலத்தில்தான் சாலை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணம் அதற்குப் பிறகே கைகூடியது.

காலை: கோக்கர்ஸ் வாக், தூண் பாறை

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது கோக்கர்ஸ் வாக். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவை ஒட்டி அமைத்த இந்த நடைபாதையின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. தெளிந்த காலையில் அடிவாரத்துக் கண்மாய்கள் வெயிலில் மின்னுவதும், தோப்புகளுக்கு நடுவே ஊர்கள் சிதறிக் கிடப்பதும் தெரியும். பனி வருவதையும் இங்கே நின்று கண்ணால் பின்தொடரலாம். முதலில் கீழே ஒரு மடிப்பில் வெள்ளையாக ஒரு திட்டு தோன்றும். அது சரிவின் மரங்களை ஒவ்வொன்றாக மறைத்தபடி மேலே வரும். தடுப்புக் கம்பியைத் தொடும்போது கன்னத்தில் ஈரம் படும். பத்தடிக்கு அப்பால் நிற்பவரும் நிழலுருவாகிவிடுவார். வெயில் முதுகுப்பக்கமும் பனி எதிரிலும் இருக்கும் அபூர்வ நேரங்களில், பார்ப்பவரின் நிழலே பெரிதாகிப் பனித்திரையில் விழும். சில வேளை அதன் தலையைச் சுற்றி வண்ண வளையமும் தெரியும். வெயிலும் பனியும் சேர்ந்து காட்டும் இயல்பான ஒளித்தோற்றம் இது.

காலைப் பலகாரத்துக்குப் பிறகு வனத்துறைப் பகுதிக்குக் கிளம்பலாம். பைன் மரக்காடு, குணா குகை, தூண் பாறை மூன்றும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பதால் வாடகை வண்டிக்காரர்கள் இவற்றைச் சேர்த்தே சுற்றிக் காட்டுவார்கள். வனத்துறை வாசல்கள் காலையில் திறந்து மாலைக்குள் மூடிவிடும். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் கூட்டத்துக்கும் பனிக்கும் முந்திக்கொள்ளலாம்.

மூன்றில் முதலில் போக வேண்டியது தூண் பாறைக்குத்தான். ஏரியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில், 400 அடி உயரத்தில் மூன்று கற்றூண்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கல்லின் இயற்கையான வெடிப்புகளில் நீரும் காலமும் புகுந்து, சுற்றியிருந்த பாறை உதிர்ந்துபோக, உறுதியான பகுதி எஞ்சி நிற்கிறது. பாறை பனிக்குள் மறைந்துவிட்டாலும் உடனே கிளம்பிவிடக் கூடாது. பல சமயம் கால் மணி நேரத்தில் பனி விலகும்.

இந்தப் பாறைத் தொகுதியின் ஆழமான பிளவுகள்தான் ஆங்கிலேயர் 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைத்த குகைகள். கமல்ஹாசன் நடித்த 'குணா' (1991) படத்துக்குப் பிறகு அவை குணா குகை ஆயின. 2006-இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் பிளவுக்குள் விழுந்தார்; இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அந்த நிகழ்வை வைத்து 2024-இல் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் இங்கே மீண்டும் கூட்டத்தைக் கொண்டுவந்தது. குகைக்குள் போக அனுமதி இல்லை. வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதோடு சரி. பிளவுகளின் வாயை இலைச்சருகும் பாசியும் மூடியிருக்கும் என்பதால் வேலியைத் தாண்டுவது உயிருக்கே ஆபத்து.

திரும்பும் வழியில் வரும் பைன் மரக்காடு புகைப்படங்களுக்குப் பெயர்போனது. வரிசை வரிசையாக நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும் இந்த மரங்கள் மண்ணின் மரங்கள் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் நட்டு வளர்க்கப்பட்டவை. பழனி மலையின் சொந்தக் காடு வேறு. மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலையும், மேடுகளில் பரந்த புல்வெளியும் சேர்ந்ததே அது. மழைநீரை மண்ணுக்குள் இறக்கி ஆண்டு முழுவதும் ஓடைகளுக்குத் தருவது இந்தக் கூட்டணிதான். பைன், யூகலிப்டஸ், வாட்டில் ஆகிய அயல்மரங்கள் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எஞ்சியவற்றைக் காக்க 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பைன் காட்டின் தரையில் காய்ந்த ஊசியிலை மட்டுமே கிடக்கும். சோலையின் ஓரத்திலோ பெரணியும் பாசியும் மரத்தண்டு வரை ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு வேறுபாடு சொல்லாமலே விளங்கும்.

நண்பகல்: சூரியனைப் படமெடுக்கும் குன்று

பனி ஏறும் நேரத்தில் பார்க்கத் தகுந்தவற்றுள் முதன்மையானது சூரிய ஆய்வகம். உள்ளூரில் 'அப்சர்வேட்டரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் தேவை எழுந்தது. தூசு குறைந்த, உயரமான இடம் தேடி, சென்னையில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. 1901-இல் இங்கே ஆய்வுகள் தொடங்கின. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். அது இன்றும் உலகெங்கும் 'எவர்ஷெட் விளைவு' என்றே அறியப்படுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்டு வரும் சூரியப் படங்கள் உலகின் நீண்ட தொகுப்புகளில் ஒன்று. இப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கும் ஆய்வகத்தில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமும் உண்டு. பார்வை நேரம் குறைவு என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகல்: ஏரியும் பூங்காவும்

நட்சத்திர வடிவ ஏரி இயற்கையாக அமைந்தது போலத் தோன்றினாலும், மனிதர் வெட்டித் தேக்கியது. மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் சதுப்புநிலத்தில் ஓடிய ஓடைகளை மறித்து இதை உருவாக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள ஏரியைச் சுற்றி வரும் சாலை ஐந்து கிலோமீட்டர். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வாடகை சைக்கிளில் சுற்றுகிறவர்களும் குதிரை ஏறுகிறவர்களும் அதிகம். பனி இறங்கினாலும் ஏரியின் அழகு குறைவதில்லை.

ஏரியின் கிழக்கே பிரையண்ட் பூங்கா. வன அதிகாரி பிரையண்ட் 1908-இல் திட்டமிட்ட 20 ஏக்கர் தோட்டம் இது. மே மாதக் கோடை விழாவில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்காகப் பல மாதங்களுக்கு முன்பே நாற்று நடத் தொடங்கிவிடுவார்கள்.

ஏரிக்கரைக் கடைகளில் சூடான மிளகாய் பஜ்ஜியும் பிரெட் ஆம்லெட்டும் சோளக்கதிரும் கிடைக்கும். வாங்கிச் செல்லத் தகுந்தது மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டின் காரமும் மணமும் சமவெளிப் பூண்டுக்கு வராது. பருவத்தில் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் புரூட் குவிந்திருக்கும். கீழ்ப்பழனி மலையின் சரிவுகளில் விளையும் மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது.

மாலை: குறிஞ்சி ஆண்டவர்

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய ஆஸ்திரேலியப் பெண்மணி லீலாவதி அம்மையார் 1936-இல் இதை எழுப்பினார். இன்று பழனி தேவஸ்தானத்தின் பராமரிப்பில் இருக்கிறது. வானம் தெளிந்தால் கோயில் முற்றத்திலிருந்து வடக்கே பழனி தெரியும். கோயிலின் பெயரில் உள்ள குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த முறை 2030-இல்.

இருட்டுவதற்கு முன் மலையிறங்கத் தொடங்குவது நல்லது. எட்டாவது கிலோமீட்டரில் சாலையோரமாகவே விழும் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரியிலிருந்து வழிந்தோடி வரும் நீர்தான். ஏறும்போது எல்லோரும் நிறுத்தும் இடம் என்பதால், இறங்கும்போது பார்ப்பது சௌகரியம்.

ஒரு நாளில் அடங்காதவை

பேரிஜம் ஏரி, பூம்பாறை, மன்னவனூர் மூன்றையும் இதே நாளில் சேர்ப்பது சாத்தியமில்லை. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜத்துக்கு வனத்துறை அன்றன்றைக்குக் குறைந்த எண்ணிக்கை வண்டிகளையே அனுமதிக்கும். குழந்தை வேலப்பர் கோயிலும் படிப்படியான வயல்களும் உள்ள பூம்பாறைக்கும், புல்வெளிகளும் ஆட்டுப்பண்ணையும் உள்ள மன்னவனூருக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டாம் முறை வருகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் இந்தப் பக்கம் போனால் வேறொரு கொடைக்கானலைப் பார்க்கலாம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. பேருந்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்குச் சொந்தப் பாத்திரம் கொண்டுவர வேண்டும். வண்டி நெரிசலும் குப்பையும் மலையின் நீரையும் சோலையையும் நேரடியாகக் கெடுக்கின்றன. ஒரு பகல் மட்டுமே தங்கிச் செல்பவரும் இந்தக் கட்டுப்பாடுகளைத் தட்டாமல் கடைப்பிடிக்க வேண்டும்.